ஒரு நூல் வித்தியாசம்

அம்மா தைத்து முடித்த உடுப்புகளைக் கொடுத்துவிட்டு வர வெளியே போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து அப்பா வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, மகளுக்கு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசை முழுக்க அவளுடைய புத்தகங்கள். ஒன்றைக் கையில் எடுத்தார், அட்டையைத் திருப்பிப் பார்த்தார், எடுத்த இடத்திலேயே நேராக வைத்தார்.

"புரொபசர், ஒரு விஷயம் சொல்றேன். கத்தக் கூடாது."

அவள் இன்னும் புரொபசர் ஆகவில்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அதுவும் இதோ அதோ என்று இழுத்துக்கொண்டே போனது. ஆனால் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்பாவுக்கு அவள் புரொபசர்தான்.

"சொல்லுங்கப்பா."

"இப்ப நம்ம வீட்டுல இருக்கிறது உங்கம்மா இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"அவ மாதிரியேதான் இருக்கா. நடை, பேச்சு, மூக்குமேல கோபம், எல்லாம் கச்சிதமா செஞ்சிருக்காங்க. யார் பாத்தாலும் ஏமாந்துதான் போவாங்க. ஆனா எனக்குத் தெரியும்ல? ஒரு நூல் வித்தியாசம் இருக்கு."

அது அவருடைய தொழில் பேச்சு. பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் பட்டறையில் சேர்ந்து, பிறகு தரச்சோதனைப் பிரிவுக்குப் போய், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தவர். வரிசையில் வந்து விழும் உதிரிபாகங்கள் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். கையில் எடுத்து ஒரு உருட்டு உருட்டுவார். பிடிக்கவில்லை என்றால் கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவார். அளவு பார்க்கிற கருவியை அதற்கப்புறம்தான் எடுப்பார். வீட்டிலும் எதைப் பற்றியும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லுவார், தக்காளியிலிருந்து தலைவர்கள் வரைக்கும்.

"எப்படிப்பா சொல்றீங்க?"

"சோதிச்சுப் பாத்துட்டேன். நம்ம கல்யாணத்தன்னிக்கு மழையா வெயிலான்னு கேட்டேன். டக்குனு 'மழை'ன்னு சொல்லிட்டா. உங்கம்மாவா இருந்தா என்ன சொல்லியிருப்பா? 'இப்ப எதுக்கு அந்தக் கதை, போய் வேலையைப் பாருங்க'ன்னுல்ல சொல்லியிருப்பா? நல்லா பாடம் பண்ணி அனுப்பியிருக்காங்க."

"யாரு அனுப்பினாங்க?"

"அதுதான் தெரியல. நீதான் இந்த மாதிரி கதையெல்லாம் படிக்கிறியே, உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அந்த நிமிஷத்தில் மகளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அச்சில் மட்டுமே பார்த்து வந்த ஒன்று எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிறதே என்று உடம்பு சிலிர்த்தது.

நவீன இத்தாலிய இலக்கியத்தில் மாயப் புனைவு என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பழைய காலத்துக் கோட்டைகளும் ஆவிகளும் அவளுக்கு வேண்டியதில்லை. அவள் படித்த கதைகளில் எல்லாம் சாதாரண மனிதர்கள் சாதாரண இடங்களில் இருந்தார்கள். அலுவலகம், டிராம் வண்டி, வாடகை வீடு, மின்தூக்கி. ஒருவன் மின்தூக்கியில் ஏறி வீட்டுக்குப் போகிறான். அங்கே அவனைப் போலவே ஒருவன் கண்ணாடி முன் நின்று சவரம் செய்துகொண்டிருக்கிறான். மனைவி அவனுக்குத் துண்டை நீட்டுகிறாள். இப்படியே போகும். பேய்தான் என்று உறுதியாகிவிட்டால் அது பேய்க்கதை. கிறுக்கு என்று உறுதியாகிவிட்டால் அது நோய்க்கதை. இரண்டுங்கெட்டானாக நடுவில் நின்று வாசகன் தடுமாறுகிறானே, அந்தத் தயக்கம் இருக்கிற வரைக்கும்தான் அது மாயப் புனைவு. இதை மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறாள். ஆனால் அவளுடைய நான்காம் அத்தியாயம், வீட்டுக்குள் வந்து குடியிருக்கும் மாற்றாள் பற்றியது, ஆறேழு மாதமாக ஓர் அங்குலம் நகரவில்லை.

வாசலில் தட்டும் சத்தம் கேட்டது. அப்பா எழுந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

"பட்டப்பகல்ல எதுக்குக் கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே அம்மா உள்ளே வந்தாள். அப்பா மகளைப் பார்த்துக் கண்ணாலேயே, பார்த்தாயா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அம்மா வெளியே போகும்போதெல்லாம் அப்பா வந்து உட்காருவார். மகள் கேள்வி கேட்பாள். தினமும் சாப்பிடுகிற சாப்பாடு வேறு யாரோ சமைத்ததாக இருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்பாள். அவர் யோசித்து, அளந்து, பதில் சொல்லுவார். "உப்பு சரியா இருக்கு. சரியா இருக்கிறதுதான் தப்பு." இன்னொரு நாள், "வீடு என் வீடுதான். ஆனா யாரோ என்னை வீட்டோட தூக்கி வேற எடத்துல வெச்சுட்ட மாதிரி இருக்கு" என்றார். அவர் எழுந்து போனதும் மகள் மடிக்கணினியைத் திறப்பாள். முடங்கிக் கிடந்த அத்தியாயம் மடை திறந்த மாதிரி வந்தது. அப்பா சொன்ன வரிகளைக் கொஞ்சம் இழைத்து, ஆராய்ச்சி மொழியில் போட்டபோது அத்தியாயத்திலேயே அவைதான் ஜொலித்தன.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எங்கேருந்து வந்துச்சு இதெல்லாம்? இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

மகள் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"காட்டணும் மேடம்."

"காட்டு. ஆனா அத்தியாயத்தை நிறுத்திடாதே."

அத்தியாயம் நிற்கவில்லை. டாக்டர்தான் தள்ளிப்போனார். இந்த வாரம், அடுத்த வாரம் என்று மகள் தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். அப்பா சாந்தமாகத்தானே இருக்கிறார், வயசானவர் பேச்சுத்தானே என்றும் நினைத்தாள். இன்னொரு நினைப்பும் இருந்தது. மாத்திரை கொடுத்தால் அவர் பேச்சு நின்றுவிடும். அந்த நினைப்பை அவள் முழுசாக எட்டிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு விஷயம் தெரியவந்தது போலீஸ்காரர் மூலமாக.

ஒரு முற்பகலில் அப்பா இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, சட்டைப்பையில் அம்மாவின் புகைப்படத்தோடு, ஸ்டேஷனுக்குப் போய் மனைவியைக் காணவில்லை என்று புகார் கொடுத்தார். எப்போதிலிருந்து காணோம், என்ன உயரம், மச்சம் எங்கே என்று கேட்டதற்கெல்லாம் பிசிறில்லாமல் பதில் சொன்னாராம். பாவம் பெரியவர் என்று ஏட்டு ஒருவர் அவரைத் தன் வண்டியிலேயே வீட்டுக்குக் கூட்டி வந்தார். அழைப்புமணி அடித்ததும் அம்மா வாயில் நாலைந்து குண்டூசியோடு, கழுத்தில் அளவு நாடாவோடு வந்து கதவைத் திறந்தாள். ஏட்டு அவள் முகத்தைப் பார்த்தார். கையில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடியும் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, இவங்கதானே?"

"பாத்தீங்களா?" என்றார் அப்பா, பெருமூச்சோடு. "உங்களையே ஏமாத்திட்டாங்களே. அவ்வளவு துல்லியமா பண்ணியிருக்காங்க."

அம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஏட்டு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வீட்டுல வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்று கேட்டார். மகள் அறையிலிருந்து வந்தாள். அவளைப் பார்த்ததும் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமிருந்து எதை மறைத்தாலும் மகளுடைய முகம் அம்மாவிடம் மறைக்காது.

ஏட்டு போன பிறகு, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா."

"எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா."

அம்மா திட்டவில்லை. தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். பாதியில் நின்ற காற்சட்டைக் காலைத் தைத்து முடித்தாள். அது கோணிப் போயிருந்தது. பிரித்துவிட்டு மறுபடியும் தைத்தாள்.

டாக்டர் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார். எப்போதோ வந்து, வந்ததே தெரியாமல் போன சின்ன அடைப்பின் தடம் இருந்தது. "முகம் தெரியும்மா. அது யாருங்கிறதும் தெரியும். ஆனா நம்ம ஆளுங்களைப் பாத்ததும் உள்ளுக்குள்ள ஒண்ணு அசையுமில்ல, அது இவருக்கு அசையல. அதனால மூளை தானே ஒரு கதை கட்டிக்குது. ரொம்ப நெருக்கமானவங்க மேலதான் இது வரும்" என்றார். சீக்கிரமே வந்திருந்தால் நல்லது என்றும் சொன்னார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். மகள் தரையைப் பார்த்தாள்.

மாத்திரை கொடுக்க ஆரம்பித்ததும் புதுத் தலைவலி வந்து சேர்ந்தது. "அந்தப் பொம்பளை" கையால் மாத்திரையோ சாப்பாடோ எதையும் தொடமாட்டேன் என்று அப்பா ஒரேயடியாக நின்றுவிட்டார். மகள் கொடுத்தால் முகர்ந்து பார்ப்பார். கடையில் வாங்கிய ரொட்டியை உறை பிரிக்காமல் கொண்டுவந்தால் அதை மட்டும் தின்பார். ஆள் கரைந்துகொண்டே போனார். இடுப்பில் காற்சட்டை நிற்கவில்லை. அம்மா அதைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். அவள் தைத்தது என்று தெரிந்ததும் அதையும் கழற்றி எறிந்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் அம்மா ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். அப்பா பார்க்கும்படியாக, "நான் போறேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசல் வழியாக இறங்கிப் போனாள். அப்பா ஜன்னலில் நின்று, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார். மதியம் பின்பக்கக் கதவு வழியாக அம்மா திரும்பி வந்தாள். தலைமுடியை வேறு மாதிரி இழுத்து முடிந்திருந்தாள். தைக்கும்போது மட்டும் போடும் கண்ணாடியை மாட்டியிருந்தாள். மோதிர விரலில் துணி சுற்றியிருந்தாள்.

"அப்பா, சமையலுக்கு ஒருத்தரைச் சொல்லியிருந்தேன். வந்திருக்காங்க" என்று மகள் சொன்னாள். அம்மா சொல்லிக்கொடுத்த வசனம் அது.

அப்பா புது ஆளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொஞ்சம் முகஜாடை இருக்கு" என்றார் கடைசியில். "ஆனா இவங்க பொய் சொல்ல வந்தவங்க இல்ல. உக்காருங்கம்மா. விரல்ல என்ன?"

"ஊசி குத்திடுச்சு சார்."

"பாத்து இருங்க. மருந்து போடுங்க."

அன்றைக்கு அவர் வயிறு நிறையச் சாப்பிட்டார். தட்டைத் தானே கொண்டுபோய்க் கழுவினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு டம்ளரைக்கூடக் கழுவியவர் இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓர் அமைதி வந்தது. அம்மா காலையில் பின்வாசல் வழியாக "வேலைக்கு" வந்தாள், மாலையில் "வீட்டுக்கு" போனாள். போவதென்றால் மேல்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவின் வீட்டுக்கு. அங்கேதான் தையல் மெஷினையும் போட்டிருந்தாள். அப்பா மாத்திரையைச் சமையல்காரம்மா கையால் ஒழுங்காக வாங்கிப் போட்டுக்கொண்டார். "வாங்க", "போங்க", "உங்களுக்குச் சிரமம் இல்லையே" என்றெல்லாம் பேசினார். மகளுக்கு அவர் இவ்வளவு மரியாதையான மனுஷர் என்பதே புதுச் செய்தி.

ஒரு மாலை, மேல்மாடியில் அம்மா துணிக்குப் பித்தான் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"இன்னிக்கு உங்கப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'என் வீட்டுக்காரி சிரிச்சா, பட்டறையில கடைசல் மெஷினை நிறுத்தினதும் ஒரு அமைதி வரும் பாருங்க, அந்த மாதிரி இருக்கும்'னாரு."

"உங்கிட்ட சொன்னதில்லையா?"

"எங்கிட்டயா? 'பல்லைக் காட்டாதே, வேலை கெடக்கு'ம்பாரு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவளைப் பத்தி அவ்வளவு சொல்றாரு. கேக்கக் கேக்க எனக்கு அவமேல வயித்தெரிச்சலா இருக்கு. என்ன பொழப்பு பாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிப்பு முடிந்த பிறகும் கையிலிருந்த பித்தானையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் ஆராய்ச்சியேட்டின் முழு வரைவைப் பேராசிரியையிடம் கொடுத்தாள். நான்காம் அத்தியாயத்தைப் பற்றித் துறையில் பேச்சாக இருந்தது. பழைய பதிப்பு ஒன்றைச் சரிபார்க்க அவள் நூலகத்தின் அடித்தளத்தில் இருந்த நாளில்தான் அது நடந்தது.

அம்மாவின் விரலில் இருந்த கல்யாண மோதிரம் தங்கம் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பட்டறையில் இடைவேளை நேரத்தில், துருப்பிடிக்காத எஃகுத் துண்டு ஒன்றை எடுத்துக் கடைந்து, மெருகேற்றிச் செய்தது. உள்பக்கத்தில் அவர் கையால் கீறிய ஒரு சின்னக் கோடு இருந்தது. அவர் செய்கிற உருப்படிகளில் எல்லாம் அந்தக் கோட்டைப் போடுவார். அம்மாவின் விரல் வருஷக்கணக்கில் பருத்து, மோதிரம் கணுவைத் தாண்டி வரவே வராது. அதனால்தான் துணி சுற்றி மறைத்திருந்தாள்.

அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது துணி நனைந்து அவிழ்ந்துவிட்டது. மேசையைத் துடைக்க வந்தவளின் கையை அப்பா பார்த்தார். பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அந்த வீட்டில் அவருக்குச் சந்தேகமே வராத ஒரே பொருள் அதுதான்.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

அம்மா கையை இழுக்கப் பார்த்தாள்.

"இதை அவ கழட்டவே மாட்டா. கழட்டவும் வராது. அவளை என்ன பண்ணினீங்க? எங்க போட்டீங்க?"

"சார், விடுங்க. வலிக்குது."

"எம் பொண்டாட்டிய என்னடி பண்ணின?"

அப்புறம் நடந்ததை மேல்மாடி நர்ஸ் அக்கா சொல்லித்தான் மகளுக்குத் தெரியும். அம்மா அதைப் பற்றி என்றைக்கும் வாய் திறக்கவில்லை. சத்தம் கேட்டு அக்கா இறங்கி வந்து பின்கதவைத் தள்ளியபோது, அப்பா அம்மாவின் மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் குறடு. மோதிரத்தை வெட்டி எடுக்கப் பார்த்திருக்கிறார். எஃகு வெட்டுப்படவில்லை. அம்மா, "நான்தாங்க, நான்தாங்க" என்று திரும்பத் திரும்பக் கத்தியிருக்கிறாள். "அதையே சொல்லாதே, அதையே சொல்லாதே" என்று அப்பாவும் அழுதுகொண்டே கத்தியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் மோதிரத்தை எடுக்க முடிந்தது. விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பக்கத்து விரலும் மடங்காமல் போயிற்று. அது அவள் கத்தரிக்கோல் பிடிக்கும் கை. அப்பாவை அன்றைக்கே மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். சேர்க்கச் சொல்லிச் சம்மதம் கொடுத்தது மகள். "ஆபரேஷன் முடிஞ்சு நான் கண்ணு முழிக்கிறதுக்குள்ள அவ்வளவு அவசரமா?" என்று அம்மா கேட்டாள். மகளிடம் அவள் கோபமாகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அம்மா வீடு திரும்பிய பிறகு பேராசிரியை பழக்கூடையோடு பார்க்க வந்தார். நல்ல மனுஷிதான், எதையாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று சொன்னார். "உங்க பொண்ணு ரொம்பப் பெரிய வேலை செஞ்சிருக்காம்மா. உங்க வீட்டுக்காரர் சொன்ன வார்த்தைகளையெல்லாம் வெச்சு ஒரு அத்தியாயம் எழுதியிருக்கா. படிக்கிறவங்க அசந்து போறாங்க."

அம்மா கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்தபடி, "அப்படியா" என்றாள். பேராசிரியை விடைபெற்றுப் போனார். மகள் ஜன்னலோரமாகப் போய் நின்றாள். எவ்வளவு நேரம்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

"அந்தக் கதையில எல்லாம்" என்றாள் அம்மா, "இது என் பொண்டாட்டி இல்லங்கிறான்ல, அந்தப் பொம்பள என்ன பண்ணுவா?"

மகள் யோசித்தாள். எத்தனையோ கதைகள் அவளுக்கு மனப்பாடம். சில கதைகளின் முதல் பத்தியை இத்தாலியனில் அப்படியே சொல்லுவாள். அத்தனையையும் மனசுக்குள் புரட்டினாள். எல்லாக் கதையும் சந்தேகப்படுகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பெண்கள் கதவைத் திறந்தார்கள், மேசையில் தட்டு வைத்தார்கள், விளக்கை அணைத்தார்கள்.

"அவளைப் பத்தி எழுதலம்மா."

"ஓ" என்றாள் அம்மா. பிறகு, "பழத்தைப் பிரிட்ஜில வை. கெட்டுப் போயிடும்" என்றாள்.

மகள் நான்காம் அத்தியாயத்தைத் திறந்து, அப்பாவின் வார்த்தைகளாக இருந்தவற்றை எல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். சந்தேகிக்கப்பட்டவர்களைப் பற்றிப் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதிப் பார்த்தாள். அது வரவில்லை, எழுதியதெல்லாம் அழுகையாக இருந்தது. பேராசிரியை கோபித்துக்கொண்டார். "துக்கம் வேற, ஆராய்ச்சி வேற. இருந்த உயிரையும் பிடுங்கி எறிஞ்சுட்டு, எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து நீட்டுறியே" என்றார். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் தாள்களைப் புரட்டி, "இந்த அத்தியாயத்துல அங்கங்க பல் விழுந்த மாதிரி இருக்கே?" என்று கேட்டார். பட்டம் கிடைத்தது. வாழ்த்தும் கை தட்டலும் அளவாகக் கிடைத்தன. வெளியே வந்து, தாழ்வாரத்துக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு, அப்பாவைப் பார்க்கப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

வாரத்தில் ஒரு நாள் பார்க்க விடுவார்கள். அம்மாவும் கூட வருவாள், ஆனால் உள்ளே வரமாட்டாள். மோதிரத் திருடியைப் பார்த்தால் அப்பா கொந்தளித்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வார்டுக்கு வெளியே, நீளப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டிலிருந்து செய்து கொண்டுவந்ததை மகளிடம் கொடுத்தனுப்புவாள். மகள் ஊட்டிவிட்டு வந்து, எவ்வளவு சாப்பிட்டார், எதை ஒதுக்கினார் என்று ஒன்றுவிடாமல் ஒப்பிக்க வேண்டும். "கஞ்சியை முழுசாக் குடிச்சாரா? இன்னும் கொஞ்சம் உப்பு கேட்டாரா?" என்று துருவித் துருவிக் கேட்பாள்.

பட்டம் வாங்கியதை மகள் அவரிடம் சொன்னாள். "இனிமே நெஜமாவே புரொபசர்தான்பா."

அப்பா அவளை அன்போடுதான் பார்த்தார். கஞ்சிக் கிண்ணத்தை மெல்ல ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"நல்லாதான் பண்றம்மா" என்றார். "குரல்கூட அவ குரல்தான். வாராவாரம் வந்து எனக்கு ஊட்டிவிடுற, உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா எம் பொண்ணு எங்கன்னு உனக்குத் தெரிஞ்சா சொல்லிடும்மா. அவ சின்னப் பொண்ணு. வழி தெரியாது."

அவள் அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, மரியாதைக்காக விட்டுவைத்தார். எத்தனையோ பக்கங்களில் அவள் எழுதிக் குவித்த அந்தத் தயக்கம் அவளுக்குள் துளிகூட இல்லை. தான் யார் என்பது அவளுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. அடையாளம் காட்டச் சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் இருந்தன. முதல் சைக்கிள், உடைந்த பல், அவர் தோளில் உட்கார்ந்து பார்த்த வேடிக்கைகள். ஒன்றையும் அவள் சொல்லவில்லை. சொல்லச் சொல்ல, நன்றாகப் பாடம் பண்ணி அனுப்பியிருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார்.

வெளியே வந்தவளின் முகத்தை அம்மா பார்த்தாள். பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து, பார்வை நேரம் முடிந்து காவலாளி வந்து எழுப்பும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மழைக்காலத்தில் அப்பாவுக்குச் சளி பிடித்து, அது நெஞ்சில் இறங்கியது. உடனே வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. போனபோது வார்டில் பகல் சாப்பாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. டாக்டர் அம்மாவைத் தடுக்கவில்லை. "இனிமே பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அம்மாவுக்கு அதன் அர்த்தம் விளங்கியது. கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அத்தனை மாதங்களில் அவரை அவ்வளவு கிட்டத்தில் அவள் பார்க்கவே இல்லை. கலைந்து கிடந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மிச்சமிருந்த விரல்களால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து அவர் கண் திறந்தது. அம்மாவின் முகத்திலேயே நின்றது. மகள் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"தண்ணி" என்றார்.

அம்மா ஒரு கையால் அவர் தலையைத் தூக்கி, கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். குடித்தார். இன்னும் கொஞ்சம் என்று வாயைத் திறந்தார். விட்டாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

எல்லாம் முடிந்து, அடக்கமும் முடிந்து, அவருடைய துணிமணிகளை வாங்கிக்கொண்டு வர இருவரும் மறுபடியும் ஒருமுறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அம்மா துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். பஸ் பாதி வழி தாண்டியிருந்தது.

"கடைசியா எங்கிட்ட தண்ணி கேட்டாரே" என்றாள். "யாருன்னு நெனச்சுக் கேட்டாரு?"

'நீன்னு நெனச்சுத்தாம்மா' என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது. கதை கட்டுவதற்கு அவளுக்கா தெரியாது?

"தெரியலம்மா" என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கும் வேறு பதில் வேண்டியிருக்கவில்லை போல.

"யாருன்னு நெனச்சா என்ன? குடுத்தேன், குடிச்சாரு."

நடத்துனர் வந்தார். மகள் டிக்கெட் எடுத்தாள். சரியும் பையை அம்மா மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் கும்பலாக ஆட்கள் ஏற, இருவரும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள்.